ஷெட்யூல் என்கிற துண்டுச் சீட்டு

'தலித்' என்று சொல்லாதே, 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்று சொல். 2018 ஆகஸ்டில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரையின் சாரம் இதுதான். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வைக் காரணமாகக் காட்டினார்கள். இந்த விஷயம் பேச்சில் வரும்போதெல்லாம் நம் தோழர்களிடையே இரண்டு குரல்கள் கேட்கும். 'தலித் நாமே எடுத்துக்கொண்ட பெயர், ஷெட்யூல்டு சர்க்கார் ஒட்டிய லேபிள், கிழித்துப் போடு' என்பது ஒன்று. 'லேபிளோ என்னவோ, ஸ்காலர்ஷிப்பும் வேலையும் அதுலதான வருது, சும்மா இரு' என்பது இன்னொன்று. இரண்டு தரப்புமே அந்தச் சொல்லைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. 'ஷெட்யூல்' என்கிற சொல் ஒருநாளில் பத்துத் தடவையாவது என் மேசைமேல் வந்து விழும். அடமானப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் ஷெட்யூல். வங்கியின் பேலன்ஸ் ஷீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஷெட்யூல்கள்: ஒன்றாவது மூலதனம், மூன்றாவது டெபாசிட், ஒன்பதாவது கடன். சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்பதற்கு ஒரு ஷெட்யூல். கவிதை எழுதுகிற பழக்கமும் இருப்பதால், ஒரே சொல் இத்தனை வேஷம் கட்டி வந்தால் வேஷத்தைக் கலைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

அதன் பூர்வீகம் லத்தீன். பாப்பிரஸ் நாணலில் செய்த தாளின் ஒரு கீற்றுக்குப் பெயர் ஸ்கெதா. அதிலும் சின்னக் கீற்று ஸ்கெதுலா. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு அர்த்தம், எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பிறகு பெரிய பத்திரத்தின் வாலில் இணைத்து வைக்கும் சீட்டு. பிறகு அந்தச் சீட்டில் உள்ள பட்டியல். அமெரிக்காவில் ரயில் பரவிய 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வரும் நேரம் போகும் நேரத்துக்கும் அதுவே பெயராயிற்று. அமெரிக்கன் 'ஸ்கெட்யூல்' என்கிறான், இங்கிலாந்துக்காரன் 'ஷெட்யூல்' என்கிறான், நம்மூரில் 'செடியூலு'. வாய்க்கு வாய் மாறினாலும் அடியில் கிடப்பது ஒரு துண்டுதான். துண்டு என்றால் நமக்கு இன்னொரு ஞாபகமும் வரும். தோளில் கிடந்த துண்டு, ஊருக்குள் நுழையும்போது கக்கத்துக்கு இறங்கிய ஞாபகம்.

பத்திர எழுத்தர்கள் இந்த ஷெட்யூலைத் 'தபசில்' என்று எழுதுவார்கள். 'விற்றேன், சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்று மேலே எத்தனை வரி எழுதினாலும், எதை விற்றான் என்பது கீழே தபசிலில்தான் இருக்கும். நாலு பக்க எல்லையும் அளவும் அங்கே சரியாக இல்லையென்றால் பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிவிடுவார். வால் மாதிரித் தொங்கினாலும் உயிர் அங்கேதான். எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் 'வடக்கே காலனிக்குப் போகும் வழி' என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தபசிலில் நாம் எல்லையாக இருக்கிறோம், சொத்துக்காரராக இல்லை.

இனி 'ஷெட்யூல்டு' என்பதற்கு வருவோம். 1934-ஆம் வருஷத்து ரிசர்வ் வங்கிச் சட்டத்துக்கு இரண்டாவது ஷெட்யூல் ஒன்று உண்டு. மூலதனமும் ரிசர்வும் சேர்ந்து குறைந்தது 5 லட்சம் ரூபாய் மதிப்பு இருக்கவேண்டும், டெபாசிட் போட்டவர்களின் நலனுக்குக் கேடாக நடக்கவில்லை என்று ரிசர்வ் வங்கிக்குத் திருப்தி வரவேண்டும் என்பவை அதில் ஏறுவதற்கான நிபந்தனைகளில் சில. ஏறிவிட்டால் 'ஷெட்யூல்டு பேங்க்'. ரிசர்வ் வங்கியிடமே கடன் வாங்கலாம். சின்ன வங்கிகள் அந்தப் பட்டத்தைப் பெருமையாகப் போர்டில் எழுதிக்கொள்ளும். ஒரு வங்கி ஷெட்யூல்டு என்றால் நம்பிப் பணம் போடலாம் என்று அர்த்தம்.

அரசியல் சட்டத்தின் எட்டாவது ஷெட்யூலையும் பாருங்கள். 1950-ல் அதில் 14 மொழிகள், இப்போது 22. தமிழும் அதில் இருக்கிறது. அப்படியானால் செம்மொழியான தமிழ்மொழி ஒரு 'ஷெட்யூல்டு' மொழி. அதற்காக எந்தப் புலவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. துளு பேசுகிறவர்கள் தங்கள் மொழியையும் அதில் சேர்க்கச் சொல்லி வெகுநாளாகக் கேட்கிறார்கள்.

வங்கிமேல் ஒட்டினால் மரியாதை, மொழிமேல் ஒட்டினால் அந்தஸ்து. மனுஷன்மேல் ஒட்டும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளையில், மூத்த அலுவலர் ஒருவர் என் காதருகே குனிந்து கேட்டார்: 'தம்பி, நீங்க ஷெட்யூல்டா?' 'ஆமா சார், நம்ம பேங்க்கும்தான்' என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் என்னோடு சேர்ந்து டீ குடிக்கவும் வரவில்லை.

ஆக, இழிவு சொல்லில் இல்லை. ஆதிக்க சாதியின் நாக்கில் இருக்கிறது. நாளைக்கே சர்க்கார் வேறொரு பெயர் கொடுத்தாலும் அந்த நாக்கு அதையும் கிசுகிசுக்கக் கற்றுக்கொள்ளும்.

தமிழ்ப் பத்திரிகைகள் இதை எப்படிக் கற்றுக்கொண்டன என்று பாருங்கள். 'பட்டியலினத்தவர்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். பட்டியலுக்கு இனம் பிறக்குமா? 'பட்டியலின வாலிபர் வெட்டிக் கொலை' என்று தலைப்பு. வெட்டியவன் யார் என்றால் 'மாற்றுச் சமூகத்தைச் சேர்ந்தவர்'. வெட்டியவன் சாதிக்கும் சர்க்காரிடம் பட்டியல் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் என்று சலுகைக்கு அதையும் எடுத்துக் காட்டுவான். ஆனால் செய்தியில் அவன் 'பட்டியலினம்' ஆவதில்லை. அடிபட்டவனுக்கு மட்டும் பட்டியல், அடித்தவனுக்கு மூடாக்கு. இங்கே பட்டியல் என்கிற சொல், மாட்டை அடைக்கிற பட்டியாக மாறிவிடுகிறது.

அப்படியென்றால் கிழித்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அவசரப்படாமல் இந்தச் சீட்டு பிறந்த கதையைப் பார்க்கவேண்டும்.

பெயருக்கான சண்டை இந்தச் சீட்டுக்கு முந்தியது. 1893-ல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். 1907-ல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று வேறு திசையில் போனார். எம்.சி.ராஜா 1922-ல் சென்னைச் சட்டசபையில் எடுத்த முயற்சியால் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று சர்க்கார் எழுதத் தொடங்கியது. 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்குக் கொடுத்த துணை மனுவில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து, 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்று பொருள்படும் அன்றைய சர்க்கார் பெயரே எங்களுக்கு அவமரியாதை, மாற்று என்றார்கள். தாங்களே மாற்றுப் பெயர்களும் கொடுத்தார்கள். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் அந்தப் பெயர்களை எடுத்துக்கொள்ளவில்லை. சாதிகளின் பெயரைத் தனியே ஒரு பட்டியலில் எழுதி, 'பட்டியலில் உள்ள சாதிகள்' என்று முடித்துக்கொண்டது. 1936-ல் அந்தப் பட்டியல் ஆணையாக வந்தது.

இது குமாஸ்தா வைத்த பெயர். அதில் அன்பும் இல்லை, வசவும் இல்லை. 'கீழே இணைப்பில் காண்க' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமே கிடையாது. அண்ணல் இதை என்ன செய்தார் தெரியுமா? 1942-ல் நாகபுரியில் கட்சி தொடங்கியபோது 'அகில இந்திய ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன்' என்று அதையே பெயராக்கினார். சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ் அதன் தலைவரானார். அவமரியாதையான பெயரை மாற்று என்று கேட்டவர், இந்தப் பெயரை ஆயுதமாக எடுத்துக்கொண்டார். காரணம், அதன் பின்னால் சட்டம் இருந்தது. 1956-க்குள் வேறு கட்சிக்குத் திட்டம் போட்டார். அவர் மறைந்தபின் 1957-ல் குடியரசுக் கட்சி வந்தபோது ஷெட்யூல்டு காஸ்ட் என்ற பெயர் கட்சியிலிருந்து இறங்கிவிட்டது, சட்டத்தில் நின்றது. பஸ் டிக்கெட் மாதிரி. ஊர் போய்ச் சேரும்வரை கையில் இருக்கணும். டிக்கெட்டில் இருக்கிற நம்பரை எவனும் தன் பேரென்று சொல்லிக்கொள்ள மாட்டான்.

டிக்கெட் இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிட்டதற்கு உதாரணம் வேண்டுமா? 1936 ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் இதில் சேரமாட்டார் என்று எழுதிவிட்டார்கள். 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவரை வெளியே நிறுத்தியது. சீக்கியரில் நாலு சாதிக்கு மட்டும் விலக்கு. சீக்கியர் எல்லோருக்கும் 1956-ல் கதவு திறந்தது. அந்த வருஷம்தான் அண்ணலோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்கள். அவர்களுக்குக் கதவு திறக்க 1990 ஆயிற்று, 34 வருஷம். கிறிஸ்தவ தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் அது திறக்கவே இல்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் இதே கேள்விக்கு பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னொன்றைப் போட்டார்கள்.

சென்னை மவுண்ட் ரோடு ஓரத்தில் செருப்பு தைத்த ஒரு ஆதிதிராவிடக் கிறிஸ்தவரின் வழக்கு 1985-ல் உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பானது. சட்ட மாணவர்கள் 'சூசை வழக்கு' என்று படிப்பார்கள். தெருவோரம் செருப்பு தைக்கும் ஷெட்யூல்டு சாதியினருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம். இவருக்கு இல்லை. ஊசி அதே ஊசி, தோல் அதே தோல், உட்கார்ந்திருந்தது அதே பிளாட்பாரம். மதம் மாறியபின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் மாதா கோயில் தெருவில் குடியிருக்கும் நம்ம ஜனங்களுக்கு இந்தத் தீர்ப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கல்லறையில்கூடச் சாதிக்குச் சுவர் கட்டுகிற சபைகள் உள்ள நாடு இது. சுவருக்குத் தெரிகிற சாதி, பட்டியலுக்குத் தெரியவில்லை.

இந்தத் தோல் பூமியில் இன்னொரு ஷெட்யூலும் இருந்தது. நம் இயக்கம் அதைப்பற்றிப் போதுமான அளவு பேசியதில்லை. 1948-ஆம் வருஷத்து குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் வந்த சட்டம் அல்ல. தன் ஷெட்யூலில் பெயர் உள்ள தொழிலுக்கு மட்டும்தான் அது செல்லும். அந்தப் பட்டியலை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அரிசி மில், பீடி, தோட்டம், எண்ணெய் மில், நகராட்சி மாதிரியான உள்ளாட்சி வேலை, ரோடு போடுதல், கல் உடைத்தல், பன்னிரண்டாவதாகத் தோல் பதனிடுதல். இரண்டாம் பகுதியில் விவசாயக் கூலி. விடியற்காலை சேரியிலிருந்து யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று எவனோ நின்று கணக்கெடுத்த மாதிரி இருக்கிறது. சாதியின் பட்டியல் ஒரு சட்டத்தில், அந்தச் சாதி செய்கிற வேலையின் பட்டியல் இன்னொரு சட்டத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தியாவின் வரைபடமே தெரியும்.

2019-ல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் போயிற்று, அந்தப் பட்டியலும் போயிற்று. குறைந்தபட்சக் கூலி இனி எல்லா வேலைக்கும் என்கிறார்கள். காகிதத்தில் இது நல்லதுதான். பெயரில்லாமல் கிடந்த வேலைகளுக்கும் உரிமை வருகிறது. ஆனால் 'தோல் ஷாப்பு' என்று பெயர் சொல்லிக் கூலி கேட்கிற பிடிமானம், திறமை என்றும் பிரதேசம் என்றும் பிரிக்கிற பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. பட்டியல் போவதாலேயே விடுதலை வந்துவிடாது. அந்த இடத்தில் என்ன வந்தது என்று கேட்கவேண்டும்.

பட்டியலின் பலம் தெரிய வேண்டுமானால் இழப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1923-ல் வந்து, இப்போது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்ட சட்டம் அது. அதில் உடம்பையே பட்டியல் போட்டிருப்பான். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போச்சு, ஒரு கையின் நாலு விரலும் போனால் 50 சதவீதம். படிக்கும்போது கறிக்கடைக் கணக்கு மாதிரி வயிற்றைப் புரட்டும். ஆனால் அதே சட்டத்தில் தொழில் நோய்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் குரோமியத்தால் வரும் நோய்கள் இருக்கின்றன. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை போய் குரோம் வந்த பிறகு, டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர்களின் கையில் ஆறாத புண்ணைப் பார்க்காத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. நோய் அந்தப் பட்டியலில் இருந்து, அந்த மாதிரி வேலையில் ஆறு மாசம் தொடர்ந்து இருந்தால், வேலையால்தான் நோய் வந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது 1923 சட்டம் வகுத்த விதி. இல்லை என்று நிரூபிக்கவேண்டியது முதலாளி. பட்டியலில் இல்லாத நோய் என்றால் நிரூபிக்கவேண்டியது கூலிக்காரன். துண்டுச் சீட்டில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் பாரம் யார் தலையில் என்பது மாறிவிடுகிறது.

சாதிப் பட்டியலின் அர்த்தமும் இதுதான் என்கிறேன். உங்கள் பாட்டன் பட்ட அவமானத்தை ஒவ்வொரு மேசையிலும் நீங்கள் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை, நாடு அதை ஒத்துக்கொண்டாயிற்று என்பதற்கான ரசீது. 'எங்க சார் இப்பல்லாம் சாதி பாக்குறாங்க' என்று கேட்கிறவனிடம் நீட்டவேண்டிய சீட்டு. சூசைக்கு இழைத்த அநீதியும் இதுவே. நாடு ஒத்துக்கொண்ட ஒன்றை அவர் மட்டும் மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது.

பெயர் வேறு, சீட்டு வேறு. இது புரிந்தால் பல சண்டைகள் தெளியும். தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை ஏழு பிரிவுகளுக்கு 2021-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தம் கொடுத்தது. பெயர் மாறியது, பட்டியலில் இடம் மாறவில்லை. சுயமரியாதையான பெயரைக் கேட்பது யாருக்கும் உள்ள உரிமை. பட்டியலைவிட்டே வெளியேறினால் மரியாதை வரும் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். வெளியே போனவனை ஊர்த்தெரு கட்டிப்பிடித்து வரவேற்றதாகச் சரித்திரம் இல்லை. அதேபோல, ஒரே சீட்டில் எழுதியதால் எல்லோரும் ஒன்றாகிவிடவில்லை. தோலோடும் துடைப்பத்தோடும் கட்டிவைக்கப்பட்ட அருந்ததியருக்கு 2009-ல் தமிழ்நாடு கொடுத்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டையும், அப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்சநீதிமன்றம் சொன்னதையும் நம் இயக்கம் மனசார ஏற்கவேண்டும். நமக்கு ஒரு நியாயம் கேட்டு, நமக்குக் கீழே நிற்பவருக்கு அதை மறுத்தால் நாமும் ஊர்த்தெரு ஆகிவிடுவோம்.

இந்தப் பட்டியலில் ஏற்றுவதும் இறக்குவதும் நாடாளுமன்றச் சட்டத்தால்தான் முடியும் என்கிறது அரசியல் சட்டத்தின் 341-ஆவது பிரிவு. எழுதுகிற பேனா இன்னும் நம் கையில் இல்லை. மூன்றாம் பத்தியை எடுக்கவைக்கிற போராட்டம் அந்தப் பேனாவுக்கான போராட்டம்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் நம் பெண்கள் இன்னொரு ஷெட்யூலின்கீழ் வேலை செய்கிறார்கள். ஷிப்மென்ட் ஷெட்யூல். எந்தத் தேதியில் எத்தனை ஜோடி கப்பலேறணும் என்பது அது. அந்தத் தேதி தவறக்கூடாது என்று இரவும் வேலை நடக்கும். ஐரோப்பாவுக்குப் போகிற செருப்பின் ஷெட்யூலை மதிக்கிற முதலாளி, அதைத் தைக்கிறவளின் கூலிக்கும் நோய்க்கும் உள்ள ஷெட்யூலை மதிக்கிறானா என்று நம் மாணவர்கள் கேட் வாசலில் போய் நின்று கேட்கவேண்டும். போவதற்கு முன் அந்தச் சட்டங்களைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். சட்டத்தின் முன்பக்கம் வாக்குறுதி. யாருக்கு, எவ்வளவு என்பது பின்னால் இருக்கிற சீட்டில்தான்.

மேடையிலும் கவிதையிலும் நாம் தலித். எந்த அமைச்சகத்தின் அறிவுரையும் அதை மாற்ற முடியாது. மனுவிலும் வழக்கிலும் கூலிக் கணக்கிலும் ஷெட்யூல்டு. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கவுண்டரில் நிற்கிறவனிடம் 'உன் பேர் என்ன' என்று கேட்டால் பேரைச் சொல்வான், டோக்கன் எங்கே என்று கேட்டால் டோக்கனைக் காட்டுவான். வரவேண்டிய பணம் முழுசாகக் கைக்கு வரும்முன் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தவனை எந்த வங்கியிலும் நான் பார்த்ததில்லை.